டெசிக்னேட்டர் லேசர்: ஆபத்துத் தூரம் ரேஞ்சைவிட நீளமாக வந்தால் என்ன செய்வது?

தேரிக்காடு:

லேசர் பாதுகாப்பு அதிகாரி படிப்பில் ஒரு மாதிரி ரேஞ்சை (சுடும் பயிற்சித் திடல்) கொடுத்து, ஆபத்துப் பகுதியை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க முறைப்படி, அதாவது மில்-ஹேண்ட்புக் 828 (ராணுவ ரேஞ்ச் லேசர் பாதுகாப்புக் கையேடு), ஆன்சி இசட்136.6 (திறந்தவெளி லேசர் பாதுகாப்புத் தரம்) இரண்டையும் அடிப்படையாக வைத்துச் செய்ய வேண்டும். கணக்குப் போட்ட பிறகு குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

விவரம் இது. தரையில் வைத்து இயக்கும் என்டி-யாக் (படிக லேசர் வகை) டெசிக்னேட்டர், அதாவது லேசர் குண்டுக்கு வழிகாட்ட இலக்கின்மேல் கதிர் பாய்ச்சும் கருவி. அலைநீளம் 1064 நானோமீட்டர், ஒரு துடிப்புக்கு 80 மில்லிஜூல், நொடிக்கு 20 துடிப்பு, விரிகோணம் 0.3 மில்லிரேடியன் (1 மில்லிரேடியன் என்பது 1 கிலோமீட்டரில் 1 மீட்டர் விலகும் கோணம்), வெளிவரும் துளை 5 சென்டிமீட்டர். லேசர் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. தரை சமதளம். இலக்கு இரண்டு பழைய லாரிகள், ஒன்று 1.2 கிலோமீட்டரில், இன்னொன்று 2.5 கிலோமீட்டரில். 4 கிலோமீட்டரில் குறுக்காக ஒரு குன்று. அதன் உச்சி லேசர் மட்டத்தைவிட 35 மீட்டர் உயரம், ஆனால் ஓரிடத்தில் 40 மீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழுந்து, அங்கே வெறும் 5 மீட்டர்தான். 800 முதல் 1000 மீட்டர் வரை மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று. 1.5 கிலோமீட்டரில், சுடும் கோட்டுக்கு வலப்பக்கம் 300 மீட்டர் தள்ளி, கண்காணிப்புச் சாவடி. அங்கே 7×50 பைனாகுலர் வைத்திருப்பார்கள்.

எனக்கு வெறும் கண்ணுக்கான ஆபத்துத் தூரம் (இனி என்.ஓ.எச்.டி.) 7.3 கிலோமீட்டர் என்று வருகிறது. ரேஞ்ச் 4 கிலோமீட்டர்தான். அப்படியானால் இந்த ரேஞ்சில் இந்த லேசரை இயக்கவே முடியாதா? முக்காலியில் வைப்பதற்கும் கையில் பிடிப்பதற்கும் தனித்தனியாக வரையச் சொல்கிறார்கள், அதில் என்ன வித்தியாசம் வரும்? சாவடியில் இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்புக் கண்ணாடி கொடுப்பது?

ஒளிமானி:

தாராளமாக இயக்கலாம். என்.ஓ.எச்.டி. என்பது கதிர் எதிலும் முட்டாமல் போனால் எவ்வளவு தூரம் கண்ணுக்கு ஆபத்து என்பதற்கான அளவு. குன்றில் முட்டிய இடத்தோடு நேர்க்கதிர் முடிந்தது. எனவே கேட்க வேண்டிய கேள்வி, “லேசர் எந்தப் பக்கம் தப்பித்தாலும் குன்றில்தான் போய் விழுமா?” என்பது. அதற்கு முன்னால் உங்கள் 7.3 பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சூத்திரம் சரி: தூரம் = [√(1.27 × ஆற்றல் ÷ எம்.பி.இ.) − துளை விட்டம்] ÷ விரிகோணம். எம்.பி.இ. என்பது கண்ணில் விழ அனுமதிக்கும் உச்ச அளவு. 7.3 வருவதற்கு நீங்கள் சதுர சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோஜூல் என்று எடுத்திருக்க வேண்டும். 0.08 ஜூலை 1.27 ஆல் பெருக்கி, 0.000002 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 225 சென்டிமீட்டர். 5 கழித்தால் 220. அதை 0.0003 ஆல் வகுத்தால் 7.3 கிலோமீட்டர். எண்கணிதத்தில் பிழை இல்லை.

ஆனால் அந்த 0.3 எந்த வரையறைப்படி? கதிரின் ஓரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. பாதுகாப்புக் கணக்கில் மையச் செறிவில் 37 சதவீதமாகக் குறையும் இடத்தை ஓரமாக எடுப்பார்கள். லேசர் தயாரிப்பாளர்களில் பெரும்பாலோர் 13.5 சதவீதமாகக் குறையும் இடத்தை எடுப்பார்கள். இரண்டாவது முறையில் அளந்த விரிகோணம் √2 மடங்கு பெரிதாகத் தெரியும். அதை அப்படியே சூத்திரத்தில் போட்டால் என்.ஓ.எச்.டி. 1.41 மடங்கு குறைந்து வரும், அதாவது ஆபத்தான பக்கமாகத் தவறு. விவரத்தாளில் எந்த வரையறை என்று எழுதாமல் இருந்தால், 13.5 சதவீத முறை என்று எடுத்துக்கொண்டு 0.3 ஐ 1.414 ஆல் வகுங்கள். 0.212 வரும். என்.ஓ.எச்.டி. 10.4 கிலோமீட்டர் ஆகிவிடும். தயாரிப்பாளர் எழுத்தில் உறுதிசெய்யும்வரை 10.4 ஐ வைத்தே வரையுங்கள்.

இன்னொன்று, எம்.பி.இ. எந்த ஆண்டுத் தரத்திலிருந்து எடுத்தது என்று தாளில் எழுதுங்கள். 2014க்கு முந்தைய ஆன்சி இசட்136.1 இல் 1064 க்கு ஒற்றைத் துடிப்பு அளவு 5 மைக்ரோஜூல். ஆனால் தொடர் துடிப்புக்காக அதைக் குறைக்க வேண்டும். நொடிக்கு 20 வீதம் 10 நொடியில் 200 துடிப்பு, அதற்கான குறைப்பு 0.266. ஆக 1.33 மைக்ரோஜூல். 2014 பதிப்பில் ஒற்றைத் துடிப்பு அளவை 2 ஆக இறுக்கினார்கள், ஆனால் புள்ளி போன்ற மூலங்களுக்குத் தொடர் துடிப்புக் குறைப்பை எடுத்துவிட்டார்கள். முடிவில் பழைய முறைப்படி 9.0, புதிய முறைப்படி 7.3 (இரண்டும் 0.3 மில்லிரேடியனுக்கு). பழைய அட்டவணையில் இருக்கும் தூரமும் உங்கள் கணக்கும் ஒத்துவராவிட்டால் பாதிக் காரணம் இதுதான். புதிய அளவை எடுத்துவிட்டு, கூடவே பழைய குறைப்பையும் போட்டுக் குழப்பும் விடைத்தாள்கள் நிறைய வரும். அது பாதுகாப்பான பக்கத் தவறுதான், இருந்தாலும் தவறு.

காற்றில் கதிர் மங்குவதைக் கழித்துக்கொள்ளாதீர்கள். ஈரமில்லாத தெளிந்த காலையில் மங்கல் மிகக் குறைவு. வெயில் ஏறியபின் காற்று அலைவதால் கதிர் சில புள்ளிகளில் குவிந்து, சராசரியைவிட அதிகச் செறிவோடும் விழும்.

இனி வரைபடம். இலக்கைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு இடைவெளிக் கோணம் விட வேண்டும். குறி தவறுதல், கை நடுக்கம், தாங்கி அசைதல் எல்லாவற்றுக்குமான இடம் அது. அமெரிக்க நடைமுறையில் நிலையான முக்காலிக்கு ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிரேடியன், கையில் பிடித்தால் 10. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். உங்கள் குன்றில் வைத்துப் பாருங்கள்.

குன்றின் உச்சி லேசரிலிருந்து 35 ÷ 4000, அதாவது 8.75 மில்லிரேடியன் மேலே. லாரியின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால், தூர லாரியை நோக்கும் கோடு 0.6 மில்லிரேடியன் கீழ்நோக்கி, பக்கத்து லாரியின் கோடு 1.25 கீழ்நோக்கி. முக்காலியில் இடைவெளியின் மேல்விளிம்பு தூர லாரிக்கு +1.4, பக்கத்து லாரிக்கு +0.75. இரண்டுமே 8.75 க்கு வெகு கீழே, குன்றில் அடங்கிவிடும். கையில் பிடித்தால் தூர லாரிக்கு +9.4. குன்றின் உச்சிக்கு மேலே இரண்டரை மீட்டருக்கும் அதிகமாகப் போகிறது. பக்கத்து லாரிக்குச் சரியாக +8.75, ஒரு சென்டிமீட்டர்கூட மிச்சமில்லை. ஆகவே இந்த ரேஞ்சில் கையில் பிடித்து இயக்க அனுமதி கிடையாது என்று நேரடியாக எழுதுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால் ஆபத்துப் பகுதி குன்றைத் தாண்டி 10.4 கிலோமீட்டர் வரை நீளும். அந்த நிலம், அதற்கு மேலான வான்வெளி இரண்டையும் காலிசெய்ய வேண்டும். அடிவானத்துக்கு மேலே கதிர் போகிறது என்றால் அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கும், செயற்கைக்கோள்களுக்காக வாண்டன்பெர்க்கில் உள்ள லேசர் கிளியரிங்ஹவுசுக்கும் போக வேண்டிய வேலை அது. மேட்டில் ஒரு முக்காலி நடுவது எவ்வளவோ எளிது.

பள்ளத்தைத் தனியாகப் பாருங்கள். அங்கே உயரம் 5 மீட்டர், 1.25 மில்லிரேடியன். பக்கத்து லாரியைக் குறிவைக்கும்போது மேல்விளிம்பு 0.75, பள்ளத்தின் திசையிலும் அடங்கும். தூர லாரிக்கு 1.4, பள்ளத்துக்கு மேல் 60 சென்டிமீட்டர் வெளியே போகிறது. பக்கத்து இலக்கு பாதுகாப்பானது, தூரத்து இலக்கு இல்லை. வழக்கமான எதிர்பார்ப்புக்கு இது நேர்மாறு, ஆனால் கீழ்நோக்கிய கோணம்தான் இங்கே காப்பாற்றுகிறது. பள்ளத்தின் அகலம் 40 மீட்டர், அதாவது 10 மில்லிரேடியன். இரு பக்கமும் 2 சேர்த்தால் 14. அந்த 14 மில்லிரேடியன், சுமார் 0.8 டிகிரி, தடைசெய்யப்பட்ட திசை. தூர லாரி அந்தத் திசைக்குள் விழுந்தால் லாரியைத்தான் நகர்த்த வேண்டும். முக்காலியில் இடவல எல்லைக்குத் தடுப்புக்கட்டை வைத்தால் ஆளின் கவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

மேட்டுநிலம்:

ஒளிமானி சார் சொன்னது நேர்க்கதிருக்கு. இந்த ரேஞ்சில் எனக்குப் பயம் லாரிக் கண்ணாடியும் குட்டையும்தான்.

லாரியின் முன்கண்ணாடி தட்டையாக இருந்தால் இரண்டு பரப்பிலும் சேர்த்து, நேராக விழும் கதிரில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 80 மில்லிஜூலில் 8 சதவீதம் என்றால் 6.4 மில்லிஜூல். அதே சூத்திரத்தில், 0.212 வைத்துப் போட்டால் 2.77 கிலோமீட்டர் வரும். இது லேசரிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து ஆளுக்கும் உள்ள மொத்தப் பாதை. பக்கத்து லாரியில் பட்டுத் தெறித்தால் அங்கிருந்து இன்னும் ஒன்றரை கிலோமீட்டருக்குமேல் வெறும் கண்ணுக்கு ஆபத்து. தூர லாரியில் பட்டால் 270 மீட்டர் அளவுக்கு. கண்ணாடி சாய்ந்திருந்தால் 8 சதவீதம் என்பதும் கூடும். பக்கக் கண்ணாடி, அதாவது ரியர்வியூ மிரர், கிட்டத்தட்ட முழுக் கதிரையும் திருப்பும். அதற்குக் கணக்கே வேண்டாம், கழற்றிப் போடுங்கள்.

சாவடி கோட்டிலிருந்து 200 மில்லிரேடியன் தள்ளி இருக்கிறது. நேர்க்கதிர் அங்கே வராது. ஆனால் தட்டைக் கண்ணாடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் அனுப்பும். பைனாகுலர் வைத்திருப்பவருக்கு 8 சதவீதத் தெறிப்பே 17 கிலோமீட்டர் வரை போதுமானது. அதனால் லாரியைக் கொண்டுவரும்முன்பே கண்ணாடி, மிரர், ஹெட்லைட், டாஷ்போர்டு டயல், நம்பர் பிளேட்டில் ஒட்டிய ஒளிரும் ஸ்டிக்கர் எல்லாம் வெளியே போக வேண்டும். கண்ணாடியை உடைத்துவிட்டு அப்படியே விடக் கூடாது. தரையில் கிடக்கும் தட்டையான துண்டு வானத்தைப் பார்த்துக் கிடக்கும், அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். சேறு பூசி மறைப்பது ஒரு மழை தாங்காது. கழற்றவே முடியாத பாகத்துக்கு மேட் பெயின்ட் அடித்து, ஒவ்வொரு முறையும் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த பளபளப்பு, எடுத்துக்காட்டாக நிக்கல் பம்பர், கதிரைச் சிதறவிடும், தட்டைப் பரப்பு அளவுக்கு மோசமில்லை. இருந்தாலும் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் அதையும் எடுப்பேன்.

லேசர் இருக்கும் இடத்துக்கு முன்னால் சுத்தமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இலை, கிளை, புல்லில் பட்டுச் சிதறும் ஒளிகூட 80 மில்லிஜூலில் ஏறக்குறைய 1.1 மீட்டர் வரை கண்ணுக்கு ஆபத்து. காற்றில் ஆடும் கிளை ஒன்று லேசர் வாயருகே இருந்தால் அதை இயக்குபவரின் முகம்தான் முதலில் அந்த எல்லைக்குள் இருக்கும்.

குட்டைக்கு வருவோம். 3 மீட்டர் உயரத்திலிருந்து 1000 மீட்டர் தள்ளி விழும் கதிர் நீரைத் தடவிக்கொண்டு போகிறது. அந்தக் கோணத்தில் நீர் ஏறக்குறைய முகம்பார்க்கும் கண்ணாடிதான். நேராக விழுந்தால் 2 சதவீதம் திருப்பும் நீர், செங்குத்திலிருந்து 80 டிகிரி சாய்ந்தால் 35 சதவீதம் திருப்பும், 90 ஐ நெருங்க நெருங்க முழுவதையும். எந்தக் கோணத்தில் இறங்கியதோ அதே கோணத்தில் மேலே ஏறும்.

பக்கத்து லாரியைக் குறிவைக்கும்போது இடைவெளியின் கீழ்விளிம்பு 3.25 மில்லிரேடியன் கீழ்நோக்கி. அது 923 மீட்டரில் தரையைத் தொடும். அதாவது குட்டையின் கடைசி 77 மீட்டர் ஆபத்துப் பகுதிக்குள் இருக்கிறது. அங்கே பட்டு எழும் கதிர் 4 கிலோமீட்டரில் லேசர் மட்டத்துக்கு மேல் 6 முதல் 7 மீட்டரில் இருக்கும். குன்றின் மற்ற பகுதி தடுத்துவிடும். 5 மீட்டர் பள்ளம் தடுக்காது. ஆக, பக்கத்து லாரிக்குப் பள்ளத்தின் திசை பாதுகாப்பு என்று சார் சொன்னது குட்டை வற்றியிருக்கும்போது மட்டும்தான் பொருந்தும்.

ஒளிமானி:

உண்மை, நான் குட்டையைச் சேர்க்காமல் எழுதிவிட்டேன். மேட்டுநிலத்தின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நீர் இருக்கும் நாட்களில் இரண்டு லாரிக்கும் அந்த 14 மில்லிரேடியன் தடை.

தேரிக்காடு:

குட்டையை மண் கொட்டி மூடுவதுதான் வழியா? மாதிரிக் கணக்கில் “குறைந்த செலவில் தீர்வு” என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அப்புறம் பாதுகாப்புக் கண்ணாடி பற்றி யாராவது சொல்லுங்களேன்.

மேட்டுநிலம்:

மூட வேண்டாம். லேசர் இருக்கும் இடத்திலிருந்து எந்த நீர்ப்பரப்பு பார்வைக்குப் படவில்லையோ அதில் கதிர் விழ வழியில்லை. குட்டைக்கு இந்தப் பக்கம், 790 மீட்டரில் ஒரு மண் வரப்பு போடுங்கள். 3 மீட்டர் உயரத்திலிருந்து 1000 மீட்டர் புள்ளியைப் பார்க்கும் கோடு 790 இல் தரையிலிருந்து 63 சென்டிமீட்டர் உயரத்தில் போகும். வரப்பு அதைவிட உயரமாக இருந்தால் குட்டை முழுதும் மறைந்துவிடும். 1 மீட்டர் போட்டால் போதும். பக்கத்து லாரியை நோக்கும் கோடு அந்த இடத்தில் 2 மீட்டர் உயரத்தில் போவதால் குறிக்கு இடைஞ்சல் இல்லை. தூர லாரிக்கான இடைவெளியின் கீழ்விளிம்பு 95 சென்டிமீட்டரில் போகும், வரப்பின் உச்சியில் 5 சென்டிமீட்டர் உரசும். மண்ணில் உரசினால் ஒன்றுமில்லை.

வரப்பின் நீளம், குட்டையின் அகலத்தைவிட இரு பக்கமும் தாராளமாக இருக்கட்டும். கட்டியபிறகு லேசர் வாய் இருக்கும் அதே உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியும் நீரும், உட்கார்ந்து பார்த்தால் மறையும் நீரும் வேறு.

விழித்திரை:

கண்ணாடிக் கணக்கு. தேவையான ஒளித்தடை அளவு, ஓ.டி., என்பது விழும் ஆற்றலை எம்.பி.இ. ஆல் வகுத்து எடுத்த பத்தடிமான மடக்கை. மோசமான நிலை என்ன என்று முதலில் முடிவுசெய்யுங்கள். வெறும் கண், லேசர் வாய்க்கு நேரெதிரே: 80 மில்லிஜூல் 5 சென்டிமீட்டர் வட்டத்தில் பரவினால் சதுர சென்டிமீட்டருக்கு 4.1 மில்லிஜூல். 2 மைக்ரோஜூலால் வகுத்தால் ஏறக்குறைய 2000. ஓ.டி. 3.3, எனவே 4 வாங்குங்கள். பைனாகுலர் வழியே: 50 மில்லிமீட்டர் முகப்பில் நுழைவது அத்தனையும் 7 மில்லிமீட்டர் கண்மணிக்குள் போகிறது. 1064 இல் பைனாகுலர் 70 சதவீதம் கடத்தும் என்று வைப்பது வழக்கம். 56 மில்லிஜூல், 0.385 சதுர சென்டிமீட்டரில். ஓ.டி. 4.9, எனவே 5.

பைனாகுலரால் ஆபத்துத் தூரம் எவ்வளவு நீள்கிறது என்பதும் இதே போல. உருப்பெருக்கம் 7 இன் வர்க்கம் 49, அதில் 70 சதவீதம் 34, அதன் வர்க்கமூலம் 5.9. 10.4 கிலோமீட்டர் 62 ஆகிறது. குன்று தடுப்பதால் இந்த 62 ஐ வரைபடத்தில் நீட்ட வேண்டியதில்லை, ஆனால் குன்றுக்கு இந்தப் பக்கம் சுடும் கோட்டுக்குள் யாரும் பைனாகுலரோடு இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

கண்ணாடியின் சட்டத்தில் அலைநீளமும் ஓ.டி.யும் பொறித்திருக்கும். 1064 க்கு 5 என்று இருப்பது 532 க்கோ 830 க்கோ ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். துகள், சிதறலுக்கான சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி லேசரைத் தடுக்காது, இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் கலந்துவிடும். தனிப் பெட்டியில், அலைநீளத்தைப் பெரிதாக எழுதி வையுங்கள். ஆழமான கீறல், பூச்சு உரிதல், நிற மாற்றம் இருந்தால் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

சாவடிக்கு என் பரிந்துரை, பைனாகுலரையே எடுத்துவிட்டுக் கேமராவோ தெர்மல் கருவியோ கொடுப்பது. திரையில் பார்ப்பவரின் கண்ணுக்குக் கதிர் போகாது. தெர்மல் கருவியின் ஜெர்மேனியம் லென்ஸ் 1064 ஐக் கடத்தவே கடத்தாது. பைனாகுலர்தான் வேண்டும் என்றால் லேசர் வடிகட்டி உள்ளே பொருத்திய ராணுவ வகை வேண்டும், அமெரிக்கப் படையின் எம்22 அப்படிப்பட்டது. வடிகட்டி இருக்கிறது என்று யூகிக்காமல் அந்தக் குறிப்பிட்ட கருவியின் தாளில் 1064 இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் ஒரு தனிக் குழப்பம் வரும். மூன்றாம் தலைமுறை நைட்விஷன் சுமார் 900 நானோமீட்டருக்கு மேல் பார்வை மங்கிவிடும். 830 இல் இயங்கும் ரைஃபிள் பாயின்டர் அதில் பளிச்சென்று தெரியும், 1064 டெசிக்னேட்டர் தெரியாது. “நைட்விஷனில் ஒன்றும் தெரியவில்லை, லேசர் அணைந்துவிட்டது” என்று எவரும் முடிவுக்கு வரக் கூடாது. நைட்விஷன் மாட்டியிருப்பதும் கண்பாதுகாப்பு ஆகாது, ஓரமாக வரும் கதிர் கண்ணில் விழும்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதையும் உங்கள் திட்டத்தில் சேருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். 1064 கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமைக்கும் அனிச்சை வேலை செய்யாது. விழித்திரைக்கு வலி தெரியாது. திடீரெனப் பார்வையின் நடுவில் கரும்புள்ளி, சிவப்புப் படலம், மங்கல் என்று வருவதுதான் முதல் அறிகுறி. உடனே எல்லா லேசரையும் நிறுத்துங்கள். கண்ணைத் தேய்க்கவோ கட்டி அழுத்தவோ கூடாது. ரத்தக்கசிவு இருந்தால் அது கீழே படியும்படி தலையை நிமிர்த்தி உட்கார வையுங்கள். அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். அன்றே விழித்திரை மருத்துவர் பார்க்க வேண்டும். கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டை ஒன்று சாவடியில் இருந்தால் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லி, கோடு எங்கே வளைகிறது, எங்கே மறைகிறது என்று குறித்துக்கொள்ளலாம். லேசரின் மாதிரி, வரிசை எண், எந்த நிலையில் இயங்கியது, தூரம், கண்ணாடி போட்டிருந்தாரா, தொலைநோக்கி வழியே பார்த்தாரா ஆகியவற்றை எழுதி மருத்துவரிடம் கொடுத்தனுப்புங்கள்.

தேரிக்காடு:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. பயிற்சியின் இரண்டாம் பகுதியில் விமானம் வருகிறது. அதன் டார்கெட்டிங் பாடில் (விமானத்தில் மாட்டும் குறிபார்க்கும் லேசர் கருவி) “பயிற்சி நிலை, கண்ணுக்குப் பாதுகாப்பு, 1.57 மைக்ரான்” என்று இருக்கிறது. அப்படியானால் அந்தப் பகுதிக்கு ஆபத்துப் பகுதியே வரைய வேண்டாமா?

ஒளிமானி:

அந்த நிலையில் மட்டும் இயங்குமென்றால் வேலை மிக எளிது. 1.5 முதல் 1.8 மைக்ரான் வரை உள்ள ஒளி கண்ணின் முன்பகுதியிலேயே உறிஞ்சப்படும், விழித்திரைக்குப் போய்க் குவியாது. அதனால் எம்.பி.இ. சதுர சென்டிமீட்டருக்கு 1 ஜூல், 1064 க்கு உள்ளதைப்போல் 5 லட்சம் மடங்கு. அதற்காக வாயருகே தொலைநோக்கி வைத்துப் பார்க்கலாம் என்று பொருளில்லை, அந்தப் பாடின் தாளில் இருக்கும் தூரத்தை எழுதுங்கள்.

ஆனால் லேசர் குண்டின் தேடுகருவியும் மற்ற விமானங்களின் ஸ்பாட் டிராக்கரும் (லேசர் பட்ட இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி) 1064 ஐத்தான் பார்க்கும், 1.57 ஐப் பார்க்காது. பயிற்சியில் குண்டு உண்மையாகவே இலக்கைப் பிடிக்க வேண்டும் என்றால் பாடை 1064 க்கு மாற்றியே தீர வேண்டும், அப்போது முழு ஆபத்துப் பகுதியும் திரும்ப வரும். எந்த நிலை என்பது ஒரே ஒரு ஸ்விட்சில்தான் இருக்கிறது. எனவே, திட்டத்தில் இரண்டு வரைபடம் போட்டு, எந்த நேரத்துக்கு எது என்று எழுதி, இயக்குமுன் விமானி நிலையை வயர்லெஸ்ஸில் வாய்விட்டுச் சொல்ல, ரேஞ்ச் அதிகாரி திருப்பிச் சொல்லும்படி வையுங்கள். ஐயம் வந்தால் 1064 வரைபடம்தான். ராணுவ லேசர்களுக்கு அமெரிக்காவில் 1976 முதல் சிவிலியன் லேசர் விதிகளிலிருந்து விலக்கு உண்டு (76ஈஎல்-01 டிஓடி), கடையில் வாங்கும் கருவியில் இருக்கும் எச்சரிக்கை லேபிளோ விளக்கோ இதில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தரை டெசிக்னேட்டரை வைத்து விமானம் குண்டு போடுவதாக இருந்தால் கண்ணோடு சம்பந்தமில்லாத இன்னொரு பாதுகாப்புப் பகுதியும் உண்டு. தேடுகருவி இலக்கில் தெறிக்கும் ஒளிக்குப் பதிலாக டெசிக்னேட்டரையே பிடித்துக்கொள்ளக்கூடும். அதைத் தவிர்க்க, இலக்கை முனையாக வைத்து, டெசிக்னேட்டரை நோக்கிய கோட்டின் இரு பக்கமும் 10 டிகிரி, மொத்தம் 20 டிகிரி விசிறிக்குள்ளிருந்து விமானம் தாக்கக் கூடாது. 10 முதல் 45 டிகிரி வரை நல்லது, 60 க்கு மேல் போனால் தெறிப்பு போதாது. துடிப்புக் குறியீடு, 1111 முதல் 1788 வரையிலான அந்த நாலு இலக்க எண், டெசிக்னேட்டரிலும் குண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். அருகருகே இரண்டு டெசிக்னேட்டர் இருந்தால் கட்டாயம் வேறு வேறு எண். “லேசர் ஆன்”, “லேஸிங்”, “ஸ்பாட்”, “சீஸ் லேசர்” (லேசரை நிறுத்து) ஆகிய வயர்லெஸ் அழைப்புகளில் கடைசியை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்று வையுங்கள், சாவடிக் காவலர் உட்பட.

மேட்டுநிலம்:

இயக்கும் நாளில் செய்ய வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். முக்காலிக் கால்கள் மணலில் மெதுவாகப் புதையும், அடியில் பலகை வையுங்கள். பார்வைக்கோடும் லேசர்க்கோடும் ஒன்றா என்று தொடங்குமுன் இலக்குப் பலகையில் சரிபார்க்க வேண்டும். 1 மில்லிரேடியன் விலகினாலே 2.5 கிலோமீட்டரில் 2.5 மீட்டர், உங்கள் 2 மில்லிரேடியன் இடைவெளியில் பாதி அதிலேயே போய்விடும். கீழே விழுந்த, வண்டியில் குலுங்கி வந்த கருவியை இந்தச் சோதனை இல்லாமல் இயக்கக் கூடாது. இலக்கைச் சரிசெய்ய ஆள் போகும்போது லேசரை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரியைக் கழற்றி, மூடியைப் போட்டு, பேட்டரியை ரேஞ்ச் அதிகாரி கையில் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் திரும்பி வந்து தலையெண்ணிக்கை சரியான பிறகுதான் பேட்டரி திரும்பும். இரவுப் பயிற்சியில் ரைஃபிளில் மாட்டும் ஏஎன்/பிஇக்யூ-15 லேசர் பாயின்டர்கள் இருந்தால் அதிகத் திறன் நிலையைத் தடுக்கும் நீலத் திருகு அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மழை பெய்த மறுநாள் குட்டையின் தூரக் கரையை மறுபடி அளந்துவிடுங்கள். நீர் 1154 மீட்டரைத் தாண்டினால் தூர லாரிக்கான கீழ்விளிம்பும் நீரைத் தொடும். 1 மீட்டர் வரப்பு ஏறத்தாழ 1185 வரைதான் மறைக்கும், அதற்குமேல் போனால் வரப்பை உயர்த்தும்வரை தூர லாரிக்கு இயக்கம் இல்லை.